கட்டங்களில் அமரும் கோடுகள்

ஹைதராபாத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போச்சம்பள்ளி என்னும் ஊர் இரண்டு காரணங்களால் பெயர் பெற்றது. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி விநோபா பாவேயின் பூதான இயக்கம் அங்கேதான் தொடங்கியது. மற்றொன்று அவ்வூரின் இக்கத் நெசவு. இந்நெசவில் நூல் தறியேறுவதற்கு முன்பே ஆங்காங்கு இறுகக் கட்டப்பட்டுச் சாயத்தில் தோய்க்கப்படுகிறது. கட்டிய இடம் சாயத்தை ஏற்பதில்லை. கட்டாத இடம் ஏற்கிறது. நெய்து முடித்தபின் மலரோ, யானையோ, வைரக் கட்டமோ துணியில் வெளிப்படும்.

இங்குக் கவனிக்கத்தக்கது, அந்த உருவம் முதலில் வரையப்படும் காகிதம். கணக்குப் பாடத்தில் மாணவர் உபயோகிக்கும் கட்டத்தாள் போன்றதே அது. ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு நூல் தொகுதியைக் குறிக்கிறது. அத்தொகுதி முழுவதும் கட்டப்படும், அல்லது முழுவதும் விடப்படும். பாதி கட்டுவது என்பது இல்லை. ஆகவே யானையின் துதிக்கை எவ்வளவு நயமாக வளைந்தாலும், கட்டத்தாளில் அது படிப்படியாக இறங்கும் சதுரங்களாகவே மாற்றப்படுகிறது. அந்த மாற்றத்தைச் செய்பவர் வடிவமைப்பாளர். எந்தச் சதுரத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அவர் தம் கண்ணால் தீர்மானித்து முடித்த பிறகே நூல் கட்டப்படுகிறது.

இன்று பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் கணிப்பொறியின் துணையால் படங்களும் வரைபடங்களும் தயாராகின்றன. அவற்றிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. ஆனால் அதைச் செய்வது மனிதக் கண்ணன்று, யந்திரத்தின் கணக்கு. வரைபவர் அக்கணக்கை அறிந்து தம் கோடுகளை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தினால் படம் தெளிவாக வரும். அறியாமல் விட்டால் கோடுகள் மங்கும், சம இடைவெளிகள் சமமற்றுத் தோன்றும், அடுத்தடுத்த நிலப்பகுதிகளுக்கு இடையே இல்லாத பிளவு ஒன்று தென்படும். நிலத்தைக் குறிக்கும் படமாயின் ஓர் ஏரியின் கரையே இடம் மாறிவிடும்.

எண்களால் ஆன வடிவமும் புள்ளிகளால் ஆன படமும்

கணிப்பொறியில் படம் வரைவதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது வெக்டர் முறை. இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் முதலிய மென்பொருள்கள் இம்முறையைச் சார்ந்தவை. இதில் கோடு என்பது கோடாகச் சேமிக்கப்படுவதில்லை. இந்த இடத்தில் தொடங்கி அந்த இடத்தில் முடிகிறது, இவ்வளவு தடிமன், இன்ன நிறம் என்னும் எண்களாகவே சேமிக்கப்படுகிறது. எனவே எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அது சிதைவதில்லை.

இரண்டாவது ராஸ்டர் முறை. இதில் படம் முழுவதும் பிக்ஸெல் எனப்படும் சிறு படப்புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஒரு நிறமே உண்டு. சாதாரணக் கணிப்பொறித் திரை ஒன்றில் 1920 நிரல்களும் 1080 வரிசைகளுமாக 20,73,600 புள்ளிகள் இருக்கும். திரையும், வகுப்பறையில் ஒளிபடக் காட்டும் கருவியும், அச்சு யந்திரமும் இறுதியில் புள்ளிகளையே அறியும். எனவே வெக்டர் வடிவம் எங்கேனும் ஓரிடத்தில் புள்ளிகளாக மாற்றப்பட்டே தீரவேண்டும். வடிவத்தைப் படமாக எக்ஸ்போர்ட் செய்யும்போது இம்மாற்றம் நிகழ்கிறது.

மாற்றத்தின் விதி எளியது. ஒரு புள்ளியின் பரப்பில் எத்தனை பங்கை வடிவம் மூடுகிறதோ, அத்தனை பங்கு நிறம் அப்புள்ளிக்கு அளிக்கப்படுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்புச் சதுரம் ஒன்று ஒரு புள்ளியை முழுவதும் மூடினால் அப்புள்ளி கறுப்பு. பாதி மூடினால் நடுத்தரச் சாம்பல். இதற்கு விளிம்பு மென்மையாக்கம் என்று பெயர். சாய்ந்த கோட்டுக்கும் வளைவுக்கும் இது பெரிதும் நன்மை செய்கிறது; படிக்கட்டுப் போன்ற வெட்டுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. ஆனால் நேராக நிற்கும் கோட்டுக்கும் படுக்கைக் கோட்டுக்கும் இதே உதவி உபத்திரவமாகிறது.

காரணம் யாதெனில், வெக்டர் கோட்டுக்குத் தடிமன் அதன் நடுவிலிருந்து இருபுறமும் சமமாகப் பகிரப்படுகிறது. திரையின் புள்ளிகளோ 0 முதல் 1 வரை ஒன்று, 1 முதல் 2 வரை ஒன்று என அடுக்கப்பட்டவை. ஒரு புள்ளித் தடிமனுள்ள கோட்டை 20 என்னும் இடத்தில் நிறுத்தினால் அது 19.5-இலிருந்து 20.5 வரை பரவும். பாதி ஒரு புள்ளியிலும் மறுபாதி அடுத்த புள்ளியிலும் விழும். விளைவாக ஒரு கறுப்புக் கோட்டுக்குப் பதில் இரண்டு புள்ளி அகலமுள்ள சாம்பல் பட்டை கிடைக்கிறது. வரைந்தவர் முழு எண்ணையே கொடுத்தார். எனினும் கோடு கெட்டது. அதே கோட்டை 20.5-இல் நிறுத்தினால் அது 20 முதல் 21 வரையுள்ள புள்ளியைச் சரியாக மூடிக் கூர்மையாக நிற்கும். இரண்டு புள்ளித் தடிமனாயின் நிலைமை தலைகீழ்: முழு எண்ணில் வைத்தால் கூர்மை, அரையில் வைத்தால் மங்கல். ஒற்றைப்படைத் தடிமனுக்கு அரை எண், இரட்டைப்படைத் தடிமனுக்கு முழு எண் என்று நினைவில் கொள்ளலாம். மென்பொருளின் குறை என்று கருதப்படும் மங்கல்களில் பல, இச்சிறு கணக்கைப் பாராததால் விளைந்தவையே.

கோடின்றி நிறம் மட்டும் நிரப்பிய சதுரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் நான்கு விளிம்புகளும் முழு எண்களில் இருந்தால் போதும். பத்துப் புள்ளி அகலமுள்ள சதுரத்தை 3.5-இல் தொடங்கினால் நடுவே ஒன்பது நிரல்கள் முழு நிறத்துடனும், இரு ஓரங்களில் ஒவ்வொரு நிரல் பாதி நிறத்துடனும் வரும். அகலம் பத்தா, பதினொன்றா என்று பார்ப்பவர் தடுமாறுவார்.

வகுப்பறைப் படத்தில் நேரும் விபரீதம்

மங்கலைக் காட்டிலும் தீமை விளைவிப்பது இடைவெளி மாற்றம். ஓர் ஆசிரியர் அளவுகோல் ஒன்றை வரைகிறார் என்று கொள்வோம். பிரிவுகளுக்கு இடையே 10.4 புள்ளி அமைந்துவிட்டது. கோடுகள் 0, 10.4, 20.8, 31.2, 41.6, 52 ஆகிய இடங்களில் நிற்கும். எக்ஸ்போர்ட் செய்தால் ஒவ்வொரு கோடும் வெவ்வேறு பின்னத்தில் விழுவதால் ஒன்று கறுத்தும், அடுத்தது வெளுத்தும், அதற்கடுத்தது தடித்தும் காணப்படும். மங்கலை நீக்கும்பொருட்டு விளிம்பு மென்மையாக்கத்தை நிறுத்தினாலோ, யந்திரம் ஒவ்வொரு இடத்தையும் அருகிலுள்ள முழு எண்ணுக்கு நகர்த்தும். கோடுகள் 0, 10, 21, 31, 42, 52 என நிற்கும். இடைவெளிகள் 10, 11, 10, 11, 10 ஆகிவிடும். சம பாகங்கள் என்று போதிக்கப்படும் படத்தில் பாகங்கள் சமமாயில்லை. கூர்ந்து நோக்கும் மாணவன் ஒருவன் அதைக் கண்டு கேட்டால், தவறு அவன் கண்ணில் இல்லை.

இதற்குப் பரிகாரம் எக்ஸ்போர்ட் பொத்தானில் இல்லை. வரைவின் தொடக்கத்தில் இருக்கிறது. இறுதிப் படம் எத்தனை புள்ளி அகலம் என்பதை முதலில் முடிவு செய்து, பக்கத்தை அதே எண்ணில் அமைத்து, அளவின் அலகாகப் படப்புள்ளியையே வைத்துக்கொள்ள வேண்டும். மில்லிமீட்டரில் அமைத்த பக்கம் பெரும்பாலும் முழுப் புள்ளிகளில் முடிவதில்லை. 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாள், அங்குலத்துக்கு 96 புள்ளி என்னும் கணக்கில் 793.7 புள்ளியாகிறது, அச்சுக்கு வழங்கும் 300 புள்ளிக் கணக்கில் 2480.3 ஆகிறது. எந்த மென்பொருளும் 0.7 புள்ளியை உண்டாக்க இயலாது. அது 794 என்று திருத்திக்கொள்ளும். வலப்புற ஓரத்தில் மெல்லிய வெளிறிய கீற்று ஒன்று தோன்றும், அல்லது படம் முழுவதும் சிறிது நீட்டப்பட்டு, ஒழுங்காக அமைத்த கோடுகள் யாவும் பின்னங்களில் விழும்.

பழைய கோப்புகளைத் திறப்போர் வேறொன்றையும் அறிந்திருத்தல் நலம். இங்க்ஸ்கேப் மென்பொருள் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று வைத்திருந்த கணக்கை, 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான 0.92 பதிப்பில் 96 என மாற்றிக்கொண்டது. இணையத்தின் பொதுக் கணக்குடன் ஒத்துப்போவதற்காகச் செய்யப்பட்ட நியாயமான மாற்றம் அது. ஆனால் பழைய படத்தின் உண்மை அளவைக் காக்க அதை 96-க்கு 90 என்னும் விகிதத்தில் பெரிதாக்கினால், 30-இல் நின்ற கோடு 32-க்குச் செல்லும், 31-இல் நின்றதோ 33.07-க்குச் செல்லும். ஒன்று பிழைத்தது, மற்றது மங்கியது. ஒரே படத்தில் சில கோடுகள் மட்டும் கெட்டிருப்பதன் காரணம் புரியாமல் மணிக்கணக்கில் தேடியவர்கள் பலர் இருக்கக்கூடும்.

கைபேசித் திரைகளின் வருகையால் ஒரே சின்னத்தை ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு, இரு மடங்கு எனப் பல அளவில் வெளியிடும் வழக்கம் வந்துவிட்டது. 7-இல் உள்ள விளிம்பு ஒன்றரை மடங்கில் 10.5 ஆகும், 8-இல் உள்ளது 12 ஆகும். ஆகவே ஒன்றரை மடங்கு தேவைப்படும் என்று தெரிந்தால், முக்கியமான விளிம்புகளை இரட்டைப்படை எண்களிலேயே நிறுத்துவது உத்தமம். இல்லஸ்ட்ரேட்டரில் வடிவங்களைப் புள்ளிக் கட்டத்துடன் பொருத்தும் வசதி 2010-ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து உள்ளது. இங்க்ஸ்கேப்பில் கட்டத்தை ஒரு புள்ளி இடைவெளியில் அமைத்து, ஸ்நாப் வசதியை இயக்கினால் அதே பயன் கிட்டும். எனினும் பல வடிவங்களைத் தொகுத்து அத்தொகுதியைச் சிறிதாக்கினாலோ சுழற்றினாலோ உள்ளிருக்கும் எண்கள் மீண்டும் பின்னமாகும். அளவை மாற்றியபின் மறுபடியும் சரிபார்த்தல் அவசியம். இதை எந்த வசதியும் தானாகச் செய்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

முப்பத்து மூன்று மாவட்டங்களும் ஒரு வெள்ளைக் கோடும்

தெலங்கானா 2014-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி தனி மாநிலமானபோது அதில் 10 மாவட்டங்கள் இருந்தன. 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் அவை 31 ஆயின; 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 33 ஆயின. இரண்டரை ஆண்டுக் காலத்தில் இருமுறை மாநில வரைபடம் புதிதாக வரையப்பட நேர்ந்தது. இத்தகைய வரைபடத்தில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டி எக்ஸ்போர்ட் செய்யும்போது, ஒரே நிறமுள்ள இரு அண்டை மாவட்டங்களுக்கு நடுவிலும் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடு தோன்றுவதுண்டு. மூலக் கோப்பில் இரு எல்லைகளும் எள்ளளவும் விலகாமல் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். பின் வெள்ளை எங்கிருந்து வந்தது?

எல்லை ஒரு புள்ளியின் நடுவே செல்கிறது என்று கொள்வோம். யந்திரம் முதலாவது மாவட்டத்தைத் தீட்டுகிறது. அது புள்ளியில் பாதியை மூடுவதால் பாதி நிறமும் பாதி வெள்ளையும் கலக்கின்றன. பிறகு இரண்டாவது மாவட்டம் வருகிறது. அதுவும் பாதியையே மூடுகிறது; ஆனால் எந்தப் பாதி என்பதை யந்திரம் நினைவில் வைத்திருப்பதில்லை. இருக்கும் வெள்ளையில் பாதியை மட்டும் அது மறைக்கிறது. பாதியில் பாதி கால். கால் பங்கு வெள்ளை எஞ்சி நிற்கிறது. எல்லை நெடுகிலும் ஒவ்வொரு புள்ளியிலும் ஏறக்குறைய இவ்வாறே நிகழ்வதால், நிலத்தில் இல்லாத ஒரு பிளவு படத்தில் ஓடுகிறது. கணக்கின் ஒவ்வொரு படியும் சரி. முடிவு மட்டும் தவறு. இது போன்றவை விஞ்ஞானத்தில் அரிதல்ல.

மாவட்ட எல்லைகள் ஆறுகளையும் மலைகளையும் ஒட்டி வளைந்து செல்வன. அவற்றைப் புள்ளிக் கட்டத்தில் பொருத்துவது என்பது இயலாத காரியம். வேறு உபாயங்களே உண்டு. மாவட்டங்களுக்கு அடியில் மாநிலம் முழுவதையும் அதே நிறத்தில் ஒரு வடிவமாக விரிக்கலாம். அப்போது எஞ்சும் கால் பங்கும் அந்நிறமே. எல்லை மீது மெல்லிய கோடு ஒன்றைத் தீட்டி மறைக்கலாம். விளிம்பு மென்மையாக்கத்தை நிறுத்திவிட்டு, நான்கு மடங்கு பெரிய படமாக வெளியிட்டுப் பின்னர் சுருக்குவதும் ஒரு வழி. அதில் ஒவ்வொரு நுண்புள்ளியும் ஏதேனும் ஒரு மாவட்டத்துக்கே முழுமையாகச் சேர்வதால் வெள்ளைக்கு இடமே இல்லை. மாவட்டங்களைச் சற்று அகலமாக்கி ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்வோரும் உண்டு. படம் காட்சிக்கு மட்டும் என்றால் அதனால் தீங்கில்லை. அந்தக் கோப்பிலிருந்து பின்னர் எவரேனும் பரப்பளவு கணக்கிட்டால் தீங்குண்டு.

நிலத்தின் மீது விழும் புள்ளி

இதுவரை கூறியவற்றில் படப்புள்ளி என்பது திரையின் ஒரு துணுக்கு. ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தில் அது நிலத்தின் ஒரு துண்டு. 1974-ஆம் ஆண்டில் ஓர் ஏஜென்ஸியாக நிறுவப்பட்ட இது, 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களுள் ஒன்றாக இயங்கிவருகிறது. நகருக்குத் தெற்கே ஷாத்நகரிலுள்ள அதன் நிலையம் 1979-ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள்களின் தரவுகளைப் பெற்று வருகிறது.

1988-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி செலுத்தப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளில் இருவகைக் காமிராக்கள் இருந்தன. லிஸ்-1 காமிராவின் ஒரு புள்ளி நிலத்தில் 72.5 மீட்டர்ச் சதுரம். லிஸ்-2 காமிராவினது 36.25 மீட்டர். ஒன்று மற்றதன் சரிபாதி. எனவே கொள்கையளவில் நான்கு சிறு புள்ளிகள் ஒரு பெரிய புள்ளிக்குள் பிசகின்றி அடங்கும். பின்வந்த ரிஸோர்ஸ்ஸாட் வரிசையில் இந்த எளிமை இல்லை. லிஸ்-4-க்கு 5.8 மீட்டர், லிஸ்-3-க்கு 23.5 மீட்டர், அவிஃப்ஸ் என்னும் அகன்ற காமிராவுக்கு 56 மீட்டர். 56-ஐ 23.5-ஆல் வகுத்தால் ஈவு 2.38; ஒரு கட்டத்தின் கோடுகள் மற்றதன் கோடுகள் மீது விழமாட்டா. இவ்விரண்டு காமிராக்களின் படங்களிலிருந்தே நாட்டின் நிலப் பயன்பாட்டு வரைபடங்கள் தயாராகியுள்ளன: 2004-05 முதல் அவிஃப்ஸ் தரவைக் கொண்டு 1:2,50,000 அளவிலும், 2005-06 முதல் லிஸ்-3 தரவைக் கொண்டு 1:50,000 அளவிலும். ஒன்றை மற்றதன்மேல் வைத்து ஒப்பிடுவோர் முதலில் ஒரு பொதுக் கட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டியவராகிறார்.

களப் பணியாளர் ஒருவர் ஏரி ஒன்றின் எல்லையைக் கருவி கொண்டு அளந்து, வெக்டர் வடிவமாக அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அங்கு அது லிஸ்-3 கட்டத்தில் புள்ளிகளாக மாற்றப்படுகிறது. ஏரியின் பரப்பு 10 ஹெக்டேர், உருவம் ஏறக்குறைய வட்டம் என்று வைத்துக்கொண்டால் குறுக்களவு 357 மீட்டர். ஒரு புள்ளியின் பரப்பு 552 சதுர மீட்டர். எல்லைக்கோடு சுமார் 60 புள்ளிகளை வெட்டிச் செல்லும். வெட்டுண்ட இப்புள்ளிகள் ஏரியைச் சேர்ந்தவையா, கரையைச் சேர்ந்தவையா? பாதி நிறம் என்பது இங்குச் செல்லாது. பாதி ஏரி என்று ஒரு வகை இல்லை. போச்சம்பள்ளி வடிவமைப்பாளரின் நிலையே இங்கும்.

இருவிதிகள் வழக்கில் உள்ளன. புள்ளியின் மையம் எல்லைக்குள் இருந்தால் மட்டும் சேர்ப்பது முதலாவது. எல்லை தொட்ட புள்ளிகளையெல்லாம் சேர்ப்பது இரண்டாவது. முதல் விதிப்படி ஏரிக்குச் சுமார் 180 புள்ளிகள் கிடைக்கும். பரப்பு 10 ஹெக்டேரை ஒட்டியே இருக்கும். இரண்டாவது விதிப்படி மேலும் ஒரு 30 புள்ளிகள் சேர்ந்து, பரப்பு ஒன்றரை ஹெக்டேருக்கு மேல் பெருகிவிடும். கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற மென்பொருளில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சிறு தேர்வு மட்டுமே. சாலை, வாய்க்கால் போன்ற குறுகிய உருவங்கள் அறுந்துபோகாமல் காக்க இரண்டாவது விதி பயன்படும். பரப்பளவு காண முதலாவதே உரியது.

அரைப் புள்ளியின் விலை

இதனினும் நுண்ணிய பிழை ஒன்றுண்டு. படத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் எண், மூலையிலுள்ள புள்ளியின் வெளி மூலையைக் குறிக்கிறதா, அப்புள்ளியின் மையத்தைக் குறிக்கிறதா என்பதில் இருவகை வழக்கங்கள் உள. ஜியோடிஃப் என்னும் கோப்பு வகை இரண்டையுமே அனுமதிக்கிறது. ஒரு வழக்கத்தில் எழுதியதை மற்றொரு வழக்கத்தில் படித்தால் படம் முழுவதும் அரைப் புள்ளி நகர்ந்துவிடும். லிஸ்-3-இல் அது 11.75 மீட்டர். திரையில் பார்ப்பவர்க்கு ஒன்றும் புலப்படாது.

ஆனால் மேற்கூறிய ஏரியை இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் படங்களில் ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஏரி உண்மையில் மாறவேயில்லை. ஒரு படம் மட்டும் கிழக்கே அரைப் புள்ளி விலகியுள்ளது. மேற்குக் கரையில் 357 மீட்டர் நீளத்தில் பிறை வடிவான ஒரு துண்டு நீரை இழந்ததாகவும், கிழக்குக் கரையில் அதே அளவு துண்டு நீரில் மூழ்கியதாகவும் கணக்கு கூறும். ஒவ்வொன்றும் சுமார் 4,200 சதுர மீட்டர், அதாவது ஓர் ஏக்கருக்குச் சற்று மேல். மொத்தப் பரப்பு மாறாததால் கூட்டல் கணக்கில் இப்பிழை அகப்படாது. மேற்குக் கரையை மட்டும் நோக்குபவர் அங்கு ஓர் ஏக்கர் ஆக்கிரமிக்கப்பட்டது என்று எழுதிவிடுவார்.

தெலங்கானாவில் இது வெறும் கற்பனையன்று. காகதீயர் காலம் முதற்கொண்டு ஏரிகளால் வாழ்ந்த நாடு அது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மிஷன் காகதீயா திட்டம் 46,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்களைச் சீரமைக்கும் நோக்கத்தைக் கொண்டிருந்தது. ஹைதராபாத் நகரிலோ, 16-ஆம் நூற்றாண்டில் உண்டாக்கப்பட்ட ஹுஸேன் ஸாகர் தொடங்கி எத்தனையோ ஏரிகளைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் ஹைட்ரா என்னும் முகமை அமைக்கப்பட்டு ஏரி நிலங்களிலிருந்த கட்டடங்கள் அகற்றப்படத் தொடங்கியபின், ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டக் கோடு எங்கே செல்கிறது என்பது வீட்டுக்கு வீடு பேசப்படும் பொருளாயிற்று. அக்கோடு தரையில் மட்டம் பார்த்து நிர்ணயிக்கப்படவேண்டியது. படத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்வதற்குரியதன்று. எனினும் பழைய ஆண்டுகளின் நிலையை அறியப் படங்களைத் தவிர வேறு சாட்சி பல இடங்களில் இல்லை. சாட்சி அரைப் புள்ளி நகர்ந்து நின்றால் அதன் விலையைச் செலுத்துபவர் கரையோரம் வசிப்பவர், அல்லது ஏரியின் நீரை நம்பியிருப்பவர்.

நிலத்தின் மாறுதல்களைப் படங்களால் ஆராய்வோர் இதை நெடுநாட்களாக அறிவர். டவுன்ஷெண்ட் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அடர்ந்த தாவரமுள்ள பகுதிகளின் மாறுதலைப் பத்து விழுக்காட்டுப் பிழைக்குள் காண வேண்டுமானால் இரு படங்களும் ஒரு புள்ளியின் ஐந்திலொரு பங்குக்குள் பொருந்த வேண்டும் என்று கண்டனர். கார்ட்டோஸாட்-1 படங்களில் புள்ளி 2.5 மீட்டராகவும், 2019-ஆம் ஆண்டு நவம்பரில் செலுத்தப்பட்ட கார்ட்டோஸாட்-3 படங்களில் ஏறக்குறையக் கால் மீட்டராகவும் சுருங்கிவிட்டதே, இனி இப்பிழை பொருட்படுத்தத்தக்கதா என்று வினவலாம். புதிய படங்களில் அரைப் புள்ளி அற்பமே. ஆனால் 1990-களில் ஏரி எப்படி இருந்தது என்பதைக் கூறவல்லவை பழைய படங்களே. அவற்றின் புள்ளிகள் ஒருநாளும் சிறுக்கப்போவதில்லை.

இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொரு விலகலும் உண்டு. நில அளவைத் துறையின் பழைய தாள்கள் 1830-ஆம் ஆண்டைச் சேர்ந்த எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ்.-84 முறையில் வெளிவருகின்றன. உரிய மாற்றமின்றி இரண்டையும் கலந்தால் ஹைதராபாத் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் காணும். அவ்வளவு பெரிய விலகல் கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால் அது ஒருவகையில் தீங்கு குறைந்தது.

எதை நகர்த்துவது?

படத்தின் சின்னங்களுக்கும் நிலத்தின் எல்லைகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு இங்கு வெளிப்படுகிறது. பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் சிறு சதுரம், அளவுகோலின் கோடு, சுற்றுச் சட்டம், விளக்கப் பட்டியலின் நிறக்கட்டம் ஆகியவற்றை அரைப் புள்ளி நகர்த்துவதால் எவர்க்கும் நஷ்டமில்லை. நகர்த்தித் தெளிவாக்குவதே முறை. ஏரியின் கரையை, வயலின் வரப்பை, கிராம எல்லையை அழகுக்காக நகர்த்துதல் ஒருபோதும் ஆகாது. அவற்றின் விஷயத்தில் வடிவம் நிலைத்திருக்க, கட்டமே ஒழுங்குபடுத்தப்பட வேண்டும். ஆகவே வரைபடக் கோப்பில் நில எல்லைகளை ஓர் அடுக்கிலும், சின்னங்களையும் எழுத்துகளையும் வேறோர் அடுக்கிலும் வைத்து, ஸ்நாப் வசதியைப் பின்னதற்கு மட்டும் இயக்குவது பழக்கமாக வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்துக் கட்டத்தில் பொருத்திவிட்டால், கண்ணுக்கு இனிய படமும் பயனற்ற எல்லையும் மிஞ்சும்.

கட்டத்தை ஒழுங்குபடுத்துவது கடினமன்று. ஒரு பணிக்கு ஒரு மூலப் படத்தைத் தேர்ந்து, அதன் மூலையையும் புள்ளி அளவையும் குறித்துக்கொண்டு, பின்வரும் ஒவ்வொரு ராஸ்டரையும் அதே மூலையிலிருந்து முழுப் புள்ளிகளின் மடங்குகளாக வெட்ட வேண்டும். வெட்டும் சட்டத்தைக் கையால் இழுத்து வரைந்தால் அது பின்னத்திலேயே நிற்கும். பயிர், காடு, நீர் என வகை பிரித்த படத்தைப் புதிய கட்டத்துக்கு மாற்றுகையில் அருகிலுள்ள புள்ளியின் மதிப்பை எடுக்கும் முறையையே தேர்தல் வேண்டும். சராசரி எடுக்கும் முறை, காட்டை 2 என்றும் நீரை 4 என்றும் குறித்த படத்தில், இரண்டுக்கும் நடுவே 3 என்னும் பயிரை விளைவித்துவிடும். அளந்து வந்த மூல வெக்டர் கோப்பை மாற்றாமல் தனியே காத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆயினும் மிகுதியாக மறக்கப்படுவது அதுவே.

சரிபார்க்கும் வழியும் உண்டு. படத்தைத் திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிக் கோட்டின் ஓரங்களைப் பார்த்தால், அது ஒரு புள்ளியில் அமர்ந்துள்ளதா, இரண்டில் பரவியுள்ளதா என்பது உடனே தெரியும். இச்சோதனைக்குக் கோப்பு பி.என்.ஜி. வகையினதாயிருக்க வேண்டும், ஜேபெக் வகை, கூர்மையான விளிம்பைச் சுற்றித் தானாகவே அழுக்குப் போன்ற புள்ளிகளைத் தூவும். நிலப்படமாயின், இடம் மாறாத அடையாளங்கள் மூன்று நான்கு வேண்டும்: பாலம், சாலைச் சந்திப்பு, ஏரியின் கருங்கல் மதகு. அவற்றை இரு ஆண்டுப் படங்களிலும் குறித்து, விலகலைப் புள்ளிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தேசியத் தொலையுணர்வு மையம் 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நடத்திவரும் புவன் தளத்தில் ஊர்தோறும் படங்களைக் காண முடிவதால், இந்தப் பயிற்சியை உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம். எல்லா அடையாளங்களும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் பிழை கட்டத்தினது. மதகு அசையாமலிருக்க, கரை மட்டும் விலகியிருந்தால், ஒரு குழுவை ஏரிக்கு அனுப்பிப் பார்க்க வேண்டிய வேளை அது.